பச்சை வடிகட்டி

கஜந்தினியின் படங்களைப் பேராசிரியர் புகழும்போதெல்லாம் மர்ழியாவுக்கு வயிறு எரியும். இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் புரதங்களை ஒளிரவைத்துப் படமெடுப்பவர்கள்.

தங்கள் நாட்டில் ஆய்வுசெய்ய ஒருவரைத் தெரிவுசெய்ய வெளிநாட்டுக் குழு வந்த அன்று, நுண்ணோக்கியின் பச்சை வடிகட்டியை மர்ழியா இரகசியமாகக் கழற்றி எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தைத் தடுத்து, புரதத்தின் ஒளிர்வை மட்டும் விடுவது அதுதான்.

கஜந்தினி கண்ணாடித்தகட்டை வைத்தாள். திரை முழுவதும் வெறும் வெளிச்சம். குழுவினர் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போனார்கள்.

"நேற்று எவ்வளவு வடிவாய் மின்னினது!" கஜந்தினி விம்மினாள்.

"விடு, உனக்கு இன்னொரு சந்தர்ப்பம் வரும்" என்றாள் மர்ழியா, உள்ளுக்குள் குளிர்ந்தபடி.

"எனக்கில்லையடி. அம்மாவை விட்டிட்டு நான் போகேலாது எண்டு பேராசிரியரிட்டை அப்பவே சொல்லிப்போட்டன். உன்னை எடுக்கட்டும் எண்டு உன்ரை புரதத்தைத்தான் வைச்சுக் காட்டினனான்."