வெள்ளைக் கட்டைகள்

அவள் பியானோவில் சி சுருதியில் கை வைத்தாள்.

வாத்தியக் குழுவின் நாற்பது பேர் ஈ-யில் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் வயலின்கள் நின்றன. பிறகு செல்லோக்கள். புல்லாங்குழல்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல. அவர் கடைசியாக நிறுத்தினார்.

"மேடம், ஈ மேஜர்," என்றார் குழுவை நடத்தும் அருமைராஜ். "ரெக்கார்டுல இருக்கிற அதே சுருதி."

தலையாட்டினாள். மறுபடியும் சி-யில் வைத்தாள்.

இரண்டாம் வரிசையில் ஒரு வயலின்காரன் சிரித்தான். அடக்கிக்கொண்டுதான்.

மாலை நாலு மணி, ஒத்திகை. ஏழு மணிக்கு விருது விழா, நேரடி ஒளிபரப்பு. இருபத்தைந்து வருடம் தானே எழுதி, தானே மெட்டமைத்து, பியானோவில் உட்கார்ந்து பாடியதற்கு விருது. வாங்கிக்கொண்டு ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

பியானோ உண்மையானது. ஒன்பது அடி. வயிறு நிறையக் கம்பிகள். சுருதி மாற்றும் பொத்தான் கிடையாது.

கீபோர்டில் உண்டு. அதை அரை அரைக் கட்டையாக நாலு முறை அழுத்தினால் போதும். விரல்கள் வெள்ளைக் கட்டைகளிலேயே சி-யில் நடக்கும். ஒலி ஈ-யில் வரும்.

அவளுக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் தெரியும்.

தூத்துக்குடியில், அவளுடைய பதினாலாம் வயதில், சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். போனது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. மூன்று நாளில் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியுமோ அவ்வளவு கற்றுக்கொண்டாள். மீதியைப் பொத்தான் பார்த்துக்கொண்டது.

அப்புறம் கல்யாண மண்டபங்கள். அப்புறம் முதல் ஆல்பம். அப்புறம் நேரமில்லை.

அப்புறம் கேட்க ஆளில்லை.

நூற்றுப்பத்துப் பாட்டுப் போட்டவள் யாரிடம் போய்க் கறுப்புக் கட்டை சொல்லிக்கொடு என்பாள்? ஒருமுறை முகமூடி போட்டுக்கொண்டு, வேறு பெயரில் ஓர் ஆசிரியரிடம் போனாள். இரண்டாம் வகுப்பில் அவர் மனைவியையும் மாமியாரையும் கூட்டிவந்து செல்ஃபி எடுத்தார். மூன்றாம் வகுப்பு நடக்கவில்லை.

பத்திரிகை அட்டைகளில் பெரிய பியானோக்கள் மேல் சாய்ந்திருப்பாள். மேடையில் சொந்தக் கீபோர்டு. யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்த விழாக்காரர்கள் உண்மையான பியானோ என்றார்கள். மறுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. உண்மையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பதினைந்து நாள் வீட்டில் ஈ-யில் பழகினாள். நாலு கறுப்புக் கட்டைகள். விரல்கள் கேட்கவில்லை.

அருமைராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பட்டன் பழக்கமா மேடம்?"

அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"நானும் சர்ச்சுல வாசிச்சு வந்தவன்தான். பயப்படாதீங்க. ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுற பியானோ ஒண்ணு இருக்கு. வெறும் கூடு. உங்க கீபோர்டை அதுக்குள்ள வச்சிரலாம். வெளியில இருந்து பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாது."

மேனேஜர் வினோலியா அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள். "வண்டி சொல்லிரட்டுமா அக்கா? ஒரு மணி நேரத்துல வந்துரும்."

அவள் கட்டைகளைப் பார்த்தாள்.

நூற்றுப்பத்துப் பாட்டு. கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, பரீட்சையில் தோற்றவனுக்கு ஒன்று என்று ஊரே எடுத்து வைத்திருக்கிறது. எல்லாம் இந்த வெள்ளையில் போட்டவை.

பொத்தான் ஏற்றியது, இறக்கியது. ஒரு பாட்டும் போடவில்லை.

மைக்கை இழுத்துக்கொண்டாள். அரங்கம் முழுக்கக் கேட்டது.

"எனக்கு வெள்ளைக் கட்டை மட்டுந்தான் தெரியும். இருவத்தஞ்சு வருசமா எல்லாப் பாட்டும் அதுலதான் போட்டேன். இன்னைக்கு நீங்க வாசிக்கப் போறதும் அதுல போட்டதுதான். நீங்கல்லாம் படிச்சவங்க. ரெண்டு கட்டை இறங்கி வாங்க."

ஏணியில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

வினோலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அருமைராஜ் தன் இடத்துக்குத் திரும்பினார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார். நாற்பது பேருக்கான இசைக்குறிப்பும் அதில்தான் இருந்தது. ஈ என்று இருந்த இடத்தில் சி என்று மாற்றி, ஒரு பொத்தானை அழுத்தினார். நாற்பதும் ஒரே நொடியில் இறங்கின.

சிரித்த வயலின்காரன் தன் வில்லைத் துடைக்க ஆரம்பித்தான்.

திரைக்குப் பின்னால் பிரிண்டர் ஓடியது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அக்கா, சரணத்துல அந்தக் கீழ் வரி," என்றாள் வினோலியா மெதுவாக. "ரெக்கார்டுலயே அடியில இருக்கும். இன்னும் ரெண்டு கட்டை கீழ போனா வருமா?"

அவளுக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது அவளுடைய உச்சிக் குரல். அடியில் என்ன இருக்கிறது என்று அவளே போய்ப் பார்த்ததில்லை.

மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, அந்த வரியைப் பாடிப் பார்த்தாள். தடித்து, கரகரவென்று வந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷியின் குரல் மாதிரி.

"வருது," என்றாள்.

தாள்கள் கைமாறின. அருமைராஜ் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் வினோலியா கவனித்தாள். செல்லோ வாசிக்கும் பெண்ணின் தாள்தாங்கியில் ஒரு போன் சாய்ந்திருந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"ஏம்மா, யாரைக் கேட்டு எடுக்கிற? முதல்ல அதை அணை."

அந்தப் பெண் வெளிறிப்போய்ப் போனை நோக்கிக் கை நீட்டினாள்.

பியானோவில் இருந்தவள் அணைக்க வேண்டாம் என்று தலையசைத்தாள்.

போனுக்கும் அவள் விரல்களுக்கும் நடுவே மைக் ஸ்டாண்டு மறைத்து நின்றது.

அதை ஒரு சாண் தள்ளி வைத்தாள்.