சொல்லாமல் வந்த மழை

எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மழை என்று எல்லோருடைய கைபேசிக்கும் முன்கூட்டியே செய்தி வந்துவிடும் காலம். அந்தக் கணிப்பில் மூன்று நாள் அளவுக்கு இருந்த பிழையை ஒரு நிமிடத்துக்குக் கொண்டுவருவதற்குள் காலநிலை விஞ்ஞானி தில்லைநாயகிக்கு முப்பத்தொரு வருடமும் பாதித் தலைமுடியும் போயிருந்தன.

ஓய்வு பெறும் நாளில், "என்ன பரிசு வேணும் மேடம்?" என்று கேட்டார் உடன் வேலை பார்த்த அன்வர்.

"சொல்லாம ஒரு மழை வரணும்ப்பா. நனைஞ்சு பல வருஷமாச்சு."

அன்வர் அவருடைய எண்ணை மட்டும் செய்திப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், தில்லைநாயகி மொட்டைமாடியில் இரண்டு படி அரிசிக்கு வடகம் பிழிந்தார். பதினொன்று இருபதுக்கு மழை கொட்டியது. வடகம் திரும்பக் கூழானது. தொப்பலாக நனைந்தபடி அன்வருக்குப் போன் போட்டார்.

"நீங்க கேட்ட பரிசுதானே மேடம்?"

"அது சரி. ஒரு அரை மணி முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தெருவில் எல்லா மாடிகளிலும் ஈரத் துணியை வாரிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குமா மெசேஜ் வரல?"

"வந்துச்சுங்க," என்றாள் பக்கத்து மாடி ஸ்டெல்லா, போர்வையைப் பிழிந்துகொண்டே. "துணியெல்லாம் எடுத்துட்டோம். அப்புறம் பாத்தா நீங்களே வடகம் பிழியிறீங்க. மெசேஜ்தான் தப்புன்னு மறுபடியும் காயப்போட்டோம்."