மறதி மருந்து

"ஆபரேஷன் முடிஞ்சுதா மாமா?"

ஆனேக்கல் பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதால், சுனிதா ஆஸ்பத்திரி மாடிப்படிகளில் ஓடியே வந்திருந்தாள். அக்கா பாமாவுக்குப் பெருங்குடலில் கேன்சர். காலையிலேயே ஆபரேஷன் என்று அக்கா மகள்தான் போனில் சொன்னாள். அக்காவோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது.

பாமாவின் கணவர் கோவிந்தன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாரு, சுனிதாவா? வாடி."

பச்சை கவுன். கையில் சலைன். பாதி மூடிய கண்கள். 'வாடி' காதில் விழுந்ததுமே சுனிதா கட்டிலருகே போனாள்.

"வலிக்குதாக்கா?"

"ஒண்ணும் தெரியல. தலைதான் லேசா சுத்துது. ஆமா, நம்ம தருணுக்கு எப்போடி கல்யாணம்? பொண்ணு பாத்தாச்சா?"

சுனிதா திகைத்துப்போனாள். மகன் தருணின் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. பத்திரிகையில் பெரியம்மா பேர் விட்டுப்போனது. பாமா கல்யாணத்துக்கும் வரவில்லை. பிறகு பேசவும் இல்லை.

"மாமா, அக்காவுக்கு எல்லாம் மறந்துபோச்சா?" என்று கிசுகிசுத்தாள்.

கோவிந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மயக்க மருந்து குடுத்தா சில பேருக்கு அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரும்மா."

அப்படியே விட்டிருக்கலாம். சுனிதாவால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சுக்கா. பத்திரிகையில உன் பேரை விட்டுட்டேன். அன்னைக்கே ஜீவனஹள்ளியில உன் வீட்டுக்கு ஓடிவந்து உன்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கணும். கௌரவம் பாத்துட்டு இருந்துட்டேன்."

"அப்படியா? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே!" பாமா சிரித்தாள். "போவுது விடு. உனக்குப் பேரப்புள்ள பொறந்தா என்னைக் கேட்டுத்தான் பேர் வைக்கணும், சொல்லிட்டேன்."

சுனிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மருந்தைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. நர்ஸ் சோஃபியா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சாரி பாமாம்மா, முந்தின கேஸ் ரொம்ப லேட்டாயிடுச்சு. வாங்க, தியேட்டர் ரெடி. இனிமேதான் உங்களுக்கு மயக்க மருந்தே குடுக்கணும்!"