கைக்கெட்டும் தூரம்

மனைவி மீனாம்பிகை நெருப்புக் காய்ச்சலில் மெலிந்த பிறகு, நீண்டு ஒடுங்கிய அந்தக் கூடத்தில் பரமலிங்கம் கதிரைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாகப் பிடித்து அவள் அறை வரை நடப்பாள். அவள் செத்த பிறகும் அவன் அவற்றை அசைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முதல்நாள் வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள்.

"அத்தான், உந்தக் கதிரைகளை முற்றத்திலை போடுங்கோ. நாளைக்குப் பந்தி வைக்க வேணுமெல்லே?" என்றாள் மீனாம்பிகையின் தங்கை பத்மாசினி.

"அப்ப கொக்கா எதைப் பிடிச்சு வாறது?"

"படிச்ச மனிசன் கதைக்கிற கதையே?" என்றவள் அழுதுவிட்டாள்.

கதிரைகள் வெளியே போயின. வேலை முடித்து ஆட்களும் போனார்கள்.

பரமலிங்கம் உள்ளே வந்தபோது ஈரச் சுண்ணாம்பில் கையடையாளங்கள் இருந்தன. மெலிந்த சின்னக் கை. தெருவாசலில் தொடங்கி, முற்றத்துக் கதவுக்காகச் சுவர் விட்டிருந்த இடத்தில் நின்றன. அதற்கப்பால் அறை வரை வெறும் வெள்ளை.

அவன் ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து அந்த இடைவெளியில் வைத்தான்.

"பிடிச்சுக்கொள்ளும்," என்றான்.

கதிரை பாரம் தாங்கி முனகியது. சுவரில் இருந்த கையடையாளங்கள் காய்ந்து வெளிறத் தொடங்கியிருந்தன. அறை வரை வரிசை வைக்க அவன் அடுத்த கதிரைக்கு ஓடினான்.