மருந்துப்பெட்டிக்குக் கொடுத்த துளி

நறுமுகைக்கு வயது பதினைந்து. மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் சுருண்டு படுத்துவிடுவாள். வீட்டு மருந்துப்பெட்டி ஒரு துளி ரத்தத்தைச் சோதித்து, அந்த உடம்புக்கென்றே மாத்திரை தயாரிக்கும். கையோடு என்ன கோளாறு என்று பள்ளிக்கும் குறிப்பு அனுப்பிவிடும். பெண்ணுக்குக் கருப்பைக் கோளாறு என்று நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று பயந்து, தாய் பிரதீபா ஆறு மாதமாக மகளுக்குத் தெரியாமல் தன் ரத்தத்தையே பெட்டியில் வைத்து, அது தந்த மாத்திரையை அவளுக்குக் கொடுத்துவந்தாள்.

இன்று நறுமுகை தலையணையைக் கடித்துக்கொண்டு, "மாத்திரை போட்டும் ஏன்மா குறையவே மாட்டேங்குது?" என்று அழுதாள்.

பிரதீபா எழுந்து பெட்டியை எடுத்துவந்தாள். மகளின் விரலை இழுத்துப் பெட்டியில் வைத்தாள்.

"இது புது ரத்தம். யாருடையது?" என்றது பெட்டி.

"என் பொண்ணோடது."

நறுமுகை வலியை மறந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.