நாலாவது பிரசவம்

மூன்று பெற்றவள்தான் என்றாலும் சரண்யாவுக்கு இந்த முறை கத்தல் சரியாக வரவில்லை. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். நெற்றியெல்லாம் வேர்வை. கால்மாட்டில் இருந்த மருத்துவச்சி, "இன்னும் கொஞ்சம் முக்கும்மா" என்றாள்.

"கட்" என்றார் டைரக்டர்.

மேக்கப்காரர் ஓடிவந்து நெற்றியில் மறுபடியும் வேர்வையைத் தெளித்தார். சரண்யா எழுந்து உட்கார்ந்து, வயிற்றில் கட்டியிருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டாள். மூன்று சீரியல்களில் மூன்று பிள்ளை பெற்றாயிற்று. நிஜத்தில் அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

மூன்று முறையும் ஒன்றரை நிமிடத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. போன சீரியலில் அப்போதுதான் பிறந்த குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்க, அதைப் போனில் போட்டு ஊரே சிரித்தது. அந்த அவமானத்தில்தான், இந்தத் தடவை பச்சைக் குழந்தைதான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

கதைப்படி, வில்லனிடமிருந்து தப்பி வரும் நாயகிக்கு ஒரு மீனவர் வீட்டில் வலி எடுக்கிறது. அதற்காகப் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வீட்டைப் பிடித்திருந்தார்கள். உதவி டைரக்டர் இளங்கோவன் இரண்டு நாள் குப்பம் குப்பமாக அலைந்து, இருபத்தாறு நாள் பிள்ளையோடு ஜெபசெல்வியைக் கூட்டிவந்திருந்தான்.

ஜெபசெல்விக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். வந்ததிலிருந்து வாசல் ஓரமாக, பிள்ளைமேல் வெயில் படாதபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சிணுங்கியதும் பையிலிருந்து பால் புட்டியை எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துப் புகட்டினாள். சுற்றிலும் முப்பது ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் வேறு என்ன செய்வாள் என்று சரண்யா நினைத்துக்கொண்டாள்.

லைட்டை மாற்றுகிற இடைவெளியில் சரண்யா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கத்தல் பொய்யாக இருக்கிறது என்று டைரக்டர் நாலு தடவை சொல்லிவிட்டதைச் சொன்னாள். நிஜத்தில் எப்படித்தான் கத்துவார்கள் என்று கேட்டாள்.

ஜெபசெல்வி பிள்ளையின் வாயோரத்தில் வழிந்த பாலை விரலால் துடைத்தாள்.

"எங்கக்கா கத்தறது? கத்தறதுக்குத் தெம்பு ஓணும்ல. மழையில ஆட்டோ அந்தப் பாலம் தாண்டறதுக்குள்ள, வாயத் தொறந்து கேட்டதெல்லாம் 'இன்னா மணி'னுதான்."

அதற்குள் லைட் ரெடி என்று கூப்பிட்டார்கள். சரண்யா எழுந்து போனாள்.

அடுத்த டேக்கில் சரண்யா கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். வசனத்தில் இல்லாத ஒன்றாக, சன்னக் குரலில், "மணி என்ன?" என்று மருத்துவச்சியைக் கேட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

எண்ணெயும் குங்குமமும் பூசிய பிள்ளையை அவள் மார்பில் கிடத்தி, தாயும் சேயும் நலம் என்று மருத்துவச்சி சொன்னாள். பால் வாடை வீசிய அந்த வெதுவெதுப்பு நெஞ்சில் பட்டதும், கிளிசரின் இல்லாமலே சரண்யாவுக்குக் கண் நிறைந்தது. டைரக்டர் கட் சொல்லவே மறந்துபோனார்.

கேமராவுக்குப் பின்னால் ஜெபசெல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி நின்றாள். எட்டு வருட நடிப்பில் ஒருத்தியை இப்படி அழவைத்தது இதுதான் முதல் தடவை என்று சரண்யாவுக்குப் பெருமையாக இருந்தது.

எல்லாரும் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் ஜெபசெல்வி தயங்கித் தயங்கி வந்தாள். பிள்ளையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

போகிற இடத்திலெல்லாம் நடக்கிறதுதான். சரண்யா முடியை ஒதுக்கிவிட்டு, கட்டிலில் நகர்ந்து இடம்விட்டாள். "நீயும் வாம்மா, சேர்ந்து எடுத்துக்கலாம்" என்றாள்.

ஜெபசெல்வி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பையிலிருந்து, துவைத்து மடித்த ஊதா நிற நைலக்ஸ் புடவை ஒன்றை எடுத்து, சரண்யாவின் தோள்மேல் போர்த்தினாள். மோதிரத்தைக் கழற்ற முடியுமா என்று மெல்லக் கேட்டாள். சரண்யா கழற்றினாள். பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு ஜெபசெல்வி போனைக் கீழே இறக்கிப் பிடித்தாள்.

"மூஞ்சி வாணாம்க்கா. கழுத்துக்குக் கீழ மட்டும். புள்ளையும் உங்க கையும் விழுந்தா போதும்."

சரண்யாவுக்குச் சுருக்கென்றது. இந்த முகத்தை வைத்துத்தான் அவள் சோறு தின்கிறாள். இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "ஏன், என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டாள்.

ஜெபசெல்வி சிரிக்கவில்லை. ஒன்று எடுத்தாள், பார்த்தாள், கையை இன்னும் கொஞ்சம் அணைவாக வைக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தாள். பிறகு குனிந்து, பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பூப்போலத் துடைத்தாள்.

"பெரியவனானா, எங்கம்மா என்னத் தூக்குச்சானு கேப்பான்லக்கா" என்றாள். "என் தங்கச்சி இவனப் பாக்காமயே போயிட்டா."