ஸ்டிக்கரா, பெயிண்டா?

"பெயிண்டுன்னா வுட்டுடுறோம். ஸ்டிக்கர்னா ஆளை முழுசா அனுப்ப மாட்டோம். நீங்களே பாத்துச் சொல்லுங்க பாய்."

ஊர்க்காரர்களுக்கு முன்னால் நின்ற சிங்காரவேலு மதாரின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினார்.

பெரம்பலூரில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை மதாருடையது. ஷார்ஜாவில் எட்டு வருஷம் பார்த்த அதே வேலை. 'ஒரு அவசரம்' என்று மட்டும் சொல்லி, பைக்கில் ஏற்றி, ரஞ்சன்குடி கோட்டையடிக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

அங்கே ஒரு வேன் நின்றது. சுற்றிலும் நூறு பேர். பாதிப் பேர் கையில் கட்டை.

பழைய மினி பஸ்ஸை வீடு மாதிரி மாற்றியிருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. வெளியே பக்கவாட்டில் நீல அலைகள், அதற்கு மேலே வெள்ளைப் பறவைகள்.

வேன்காரர் சட்டை கிழிந்து, உதடு வீங்கி, சக்கரத்தோரம் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

"என்ன பண்ணினாரு?" மதார் மெல்லக் கேட்டார்.

"பள்ளிக்கூடம் வுட்டு வந்த பொம்பளப் புள்ளைங்களை நிறுத்தி, பேரென்ன, வயசென்ன, பெத்தவங்க யாருன்னு கேட்டிருக்கான். எம் பொண்ணு காது மேல கிடந்த முடியை ஒதுக்கிப் பாத்திருக்கான்!" மருதாயி கையில் கருங்கல்லோடு கத்தினாள்.

அந்த ஜூன் மாதம் முழுக்க ஊர் ஊராக அதே பேச்சுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் வேனில் திரிகிறார்களாம்.

"போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு. வர்றப்ப வரட்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படத்தை ஒட்டிக்கிட்டு வண்டியையே மாத்திடுறானுங்களாம். அதான் உங்களைக் கூட்டியாந்தோம். பாருங்க" என்றார் சிங்காரவேலு.

மதார் வேனின் தகட்டோரம் முகத்தைக் கொண்டுபோய்ச் சாய்வாகப் பார்த்தார். பிறகு ஒரு பறவையின் ஓரத்தில் நகத்தை ஓட்டினார். பெயிண்ட் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் என்றால் ஓரத்தில் தட்டும்.

தட்டியது.

அது மட்டுமில்லை. வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில், ஸ்டிக்கருக்கு அடியில் மேடும் பள்ளமுமாகப் பிரஷ் தடம் தெரிந்தது. உள்ளே வேறு ஏதோ படம். எழுத்து மாதிரியும் இருந்தது.

உண்மையைச் சொன்னால் கண்ணெதிரே ஒருத்தரை அடித்தே கொன்றுவிடுவார்கள். பொய் சொல்லி, நாளைக்கு ஒரு பிள்ளை காணாமல் போனால்? வீட்டில் அவர் மகள் ருமைசாவுக்குப் பன்னிரண்டு வயது.

யா அல்லாஹ்.

"பெயிண்டுதாங்க" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

கட்டைகள் கொஞ்சம் இறங்கின. சிங்காரவேலு மட்டும் நகரவில்லை.

"பாய், உங்க புள்ள மேல சத்தியமா?"

மதார் வேன் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் மறுபடி நெருங்கியது.

"எனக்காகப் பொய் சொல்ல வேண்டாமுங்க தம்பி." வேன்காரர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஸ்டிக்கர்தானுங்க. உரிச்சுக்குங்க."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "சரசு, திரையை நல்லா மூடிக்க. வெளிய பாக்காத."

"பாத்தியா! என்னமோ மறைக்கிறான்!" யாரோ கத்தினார்கள்.

வெயிலில் தகடு கொதித்தது. பசை இளக அந்தச் சூடே போதுமாக இருந்தது. மதார் மூலையை நகத்தால் கிளப்பினார்.

"மெதுவா தம்பி. கீழ இருக்கறது பேந்துறக் கூடாது."

ஸ்டிக்கர் அங்குலம் அங்குலமாக வந்தது.

முதலில் ஒரு ரெட்டைச் சடை. அப்புறம் ஒரு கண். முன்பல் விழுந்த ஒரு சிரிப்பு. அதற்குக் கீழே சிவப்பு எழுத்துகள்.

சிங்காரவேலு சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். "காணவில்லை. தேன்மொழி. வயது ஐந்து. இடது காதுக்குப் பின்னால் மச்சம்..." தேதிக்கு வந்தபோது படிப்பதை நிறுத்தி, எழுத்தைத் தடவிப் பார்த்தார். 1998.

மருதாயியின் கையிலிருந்த கல் கீழே விழுந்தது.

"ஏழு வருசமாச்சுங்க. பல்லடத்துல இருந்த வூட்டை வித்துப்போட்டு வேன்லயே தேடறோம்" என்றார் வேன்காரர். "எங்க இருந்தாலும் பன்னெண்டு வயசாயிருக்கும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாய்யா? இத்தனை அடியை வாங்கிக்கிட்டு..." சிங்காரவேலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொன்னா உரிச்சுக் காட்டச் சொல்லுவீங்க. இந்த மொகத்தைப் பாத்தா பெத்தவ சரசு நாலு நாளைக்குப் பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. அதுக்குத்தான் மூடினதே."

மதாருக்கு மனசு கேட்கவில்லை. "அம்மாவுக்காகத்தான்னா, மேல பெயிண்டே அடிச்சிருக்கலாமேங்க?"

வேன்காரர் அந்தச் சிரிப்பை விரலால் தொட்டார்.

"அடிக்கறதுக்குத்தான் போனேன். பிரஷ்ஷைக் கையில எடுத்தப்புறம் மனசு வரலீங்க. பெயிண்டு அடிச்சா அழிஞ்சுருவா. ஸ்டிக்கர்னா, கீழ அப்படியே இருப்பா இல்லீங்களா?"